அப்பா நிறுத்த மறந்த கேமரா

எங்கள் அப்பா கண்மூடி ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலரை அப்பா தமது வீடியோ கேமராவில் பிடித்து வைத்திருக்கிறார். உங்கள் கல்யாணமோ, உங்கள் மகளின் சடங்கோ, தேர்த் திருவிழாவோ, ஏதாவதொன்றில் நீங்கள் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறீர்கள். ஆகையால் அப்பாவின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் அந்த வீடியோ நாடாக்களைச் சொல்லாமல் முடியாது.

அப்பா பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்து வீட்டில், மூத்த பிள்ளையாகப் பிறந்தார். தாத்தா திடீரென்று காலமானதும் படிப்பு நின்றது. நாவலப்பிட்டியில் ஒரு புடவைக் கடைக்கு எடுபிடியாக வந்து, துணிக் கட்டுகளுக்கு நடுவில் படுத்து எழும்பி, தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தார். கலவரத்தில் கடை எரிந்தபோது உடுத்த துணியோடு நின்றார். முதலாளி மறுபடியும் கடை போட்டதும் முதலில் கூப்பிட்டு அனுப்பியது அப்பாவைத்தான். அங்கேயே விற்பனைக்காரராகி, பிறகு கடையையே பார்த்துக்கொள்பவரானார். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. வீட்டில் அந்த வேலையை அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டோம்.

முதலாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கேமராவைத் திரும்பிப் போகும்போது அப்பாவிடமே கொடுத்துவிட்டார். வீட்டுக்குச் சக்களத்தி வந்துவிட்டாள் என்று அம்மா சொன்னார். அது பொய்யில்லை. அன்றிலிருந்து ஞாயிறு, போயா விடுமுறை, நல்ல நாள் பெரிய நாள் என்று எதுவும் எங்களுக்கு மிஞ்சவில்லை. யார் வந்து கூப்பிட்டாலும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு தேத்தண்ணிக்கு மேல் எதுவும் வாங்கமாட்டார்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. "படம் எடுக்கிறவன் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா அடுத்தவன் வூட்டுக் கல்யாணத்துல நம்ம சத்தந்தான் கேக்கும்" என்பார். அந்த நல்ல குணம் பின்னால் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

கடைசி மாதங்களில் நுரையீரல் கெட்டு, கண்டி ஆஸ்பத்திரியில் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அதன் பிறகு அப்பா பேசவில்லை. கையசைவில் எல்லாம் சொன்னார். போவதற்கு முதல் நாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தார். என்ன சொன்னார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து சனம் கலைந்த பிறகு அம்மா என்னிடம் கேட்டார்:

"ஒனக்கு அப்பா கொரலு ஞாபகம் இருக்கா?"

"இருக்கேம்மா."

"எனக்கு இல்ல. நெனச்சுப் பாத்தா அந்தக் கொழா சத்தந்தான் வருது. ஒருக்கா அவரு பேசுறத கேட்டாப் போதும் எனக்கு."

அப்பா வைத்திருந்தது பட்டன் போன். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பும் பழக்கம் அவருக்கில்லை. அலுமாரி நிறைய நாடா இருக்கும்போது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று நான் நினைத்தேன். அப்பாவின் கேமரா எப்போதோ பழுதாகிவிட்டது. கலகெதரையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நஸார் நானா, ஓடக்கூடிய பழைய கேமரா ஒன்றையும் அதைக் கணினியோடு இணைக்கும் கருவியையும் இரவல் தந்தார். அம்மாவும் பார்க்கட்டும் என்று வயரைப் பிரித்து, ஒன்றை டீவிக்கும் மற்றொன்றைக் கணினிக்கும் கொடுத்தேன்.

நாடாவைக் கணினியில் ஏற்றுவதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஒரு மணித்தியால நாடா ஒரு மணித்தியாலம் ஓடியே ஆகவேண்டும். அப்படி ஓடியதில் பெரிய மாமா பந்தியில் இலை போட்டார். பூரணி அத்தை கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டார். இருவரும் போய்ச் சேர்ந்தவர்கள். அவர்கள் சிரித்துக்கொண்டு டீவிக்குள் வந்து போனார்கள்.

அப்பா மட்டும் எதிலும் இல்லை. அவருடைய மூச்சுத்தான் இருந்தது. கேமராவின் மைக் அவர் மூக்குக்குப் பக்கத்தில் இருந்ததால், மேளச் சத்தம் அடங்கும்போதெல்லாம் அந்த மூச்சு வந்தது. நோயில்லாத, நிதானமான மூச்சு. வாரக்கணக்கில் எங்கள் வீட்டு ஹாலில் அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசாமல். டீவியை அணைத்த பிறகும் எனக்கு அது கேட்டது. குசினிக்குள் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது. பெற்ற தகப்பனுக்குப் பயப்படுவதா என்று நீங்கள் கேட்கலாம். பயந்தேன் என்பதுதான் உண்மை. அம்மா பயப்படவில்லை. "பேசுவாரு, இரு" என்று ஒவ்வொரு நாளும் கதிரையை டீவிக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசியாக எஞ்சிய நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. நம் ஊர் ஈரத்துக்கு அது தப்பியிருந்தால்தான் ஆச்சரியம். நஸார் நானா அதைத் திறந்து துடைத்துத் தந்தார்.

"இது ஒரு தரந்தான் ஓடும் தங்கச்சி. ரெண்டாந்தரம் நெனச்சும் பாக்காதீங்க. கவனமா ஏத்திக்கங்க."

அன்று மழை. பாதியில் கரண்ட் போகக்கூடாதே என்று காத்திருந்தேன். அது போய்த் திரும்பி வந்த பிறகுதான் கணினியை மறுபடியும் போட்டு நாடாவை ஓடவிட்டேன். கணினித் திரையின் ஓரத்தில் ஒலி அளவைக் காட்டும் கோடு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஏறி இறங்கியது.

அது தேர்த் திருவிழா நாடா. தேர் இருப்பிடத்துக்கு வந்தது. தீபாராதனை முடிந்தது. பிறகு படம் தலைகீழாகப் புரண்டது. அப்பா கேமராவை நிறுத்திவிட்டதாக நினைத்துத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். நனைந்த ரோடு தெரிந்தது. அப்பாவின் செருப்பும் பக்கத்தில் அம்மாவின் சேலைக் கரையும் தெரிந்தன.

"கால் வலிக்குதா?" என்றார் அப்பா.

அம்மா கதிரையில் நிமிர்ந்தார்.

நாடாவிலிருந்த இளவயது அம்மா பதில் சொன்னார்: "வலிக்காம என்ன. ஊரு சனத்த எல்லாம் எடுக்கிறீங்க. ஒங்கள யாரு எடுக்கிறது?"

"என்னைய எதுக்கு எடுக்கணும்? நான் எங்க போகப்போறேன்?"

"போயிட்டீங்களே" என்றார் எங்கள் ஹாலில் இருந்த அம்மா.

செருப்புகள் நடந்துகொண்டே இருந்தன. அப்பா பசிக்கிறது என்றார். வீட்டில் சோறு இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். எங்கள் அம்மா சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "இருக்கு. வாங்க." சற்று நேரத்தில் இரவல் கேமரா கீச்சிட்டது. திரை வெளுத்தது. நாடா உள்ளே சிக்கி அறுந்து போயிருந்தது.

கணினியில் பதிந்ததை ஓட்டிப் பார்த்தேன். அப்பாவின் குரல் தூரத்தில் கேட்டது. தகரத்தில் மழை விழும் சத்தமும், அம்மா மூக்கை உறிஞ்சுவதும், அம்மாவின் பேச்சும்தான் பெரிதாகக் கேட்டன. கரண்ட் போய் வந்ததில் கணினி வயரை விட்டுவிட்டுத் தன்னுடைய சொந்த மைக்குக்கு மாறியிருக்கிறது. நான் பார்த்த கோடு எங்கள் ஹாலுக்காக ஏறி இறங்கியிருக்கிறது. அன்று அழுதது போல நான் அப்பாவின் செத்த வீட்டிலும் அழவில்லை.

கட்டாரிலிருக்கும் தம்பிதான் தைரியம் சொன்னான். "அழாத அக்கா. ஒரு சொப்ட்வேர் இருக்கு, அம்மா கொரல மட்டும் பிரிச்சு நீக்கிறலாம். அனுப்பு" என்றான். இரண்டு நாளில் சுத்தமாக்கித் திருப்பி அனுப்பினான். உண்மையாகவே அப்பாவின் குரல் பக்கத்தில் நின்று பேசுவது போல இருந்தது. நான் அம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்.

கால் வலிக்கிறதா என்று அப்பா கேட்டார். பதில் இல்லை. நான் எங்கே போகப்போகிறேன் என்றார். பதில் இல்லை. எங்கள் அம்மாவின் குரலோடு நாடாவிலிருந்த அம்மாவின் குரலையும் அந்தச் சொப்ட்வேர் எடுத்துவிட்டிருந்தது. குரல் ஒன்றுதானே, அதற்கு எப்படித் தெரியும்? இருட்டு ரோட்டில் அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு, யாரும் பதில் சொல்லாமல், நடந்துகொண்டிருந்தார்.

அம்மா முகம் மாறிப்போய் எழுந்தார்.

"நிப்பாட்டு. தனியா போறாரு பாரு. ஏங்க, என்னைய எங்க விட்டீங்க? அந்தப் பழசயே போடு, மகள். இத அழிச்சிரு."

அழித்துவிட்டேன்.

அப்பாவின் நோயில் முகஞ்சுளிக்காமல் பணிவிடை செய்த தாதிமாருக்கும், இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், கேமராவுக்கு வாடகைப் பேச்சையே எடுக்கவிடாத நஸார் நானாவுக்கும், பன்விலயிலிருந்து லொறி பிடித்து வந்து அப்பாவைத் தோளில் சுமந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

ஆண்டு நிறைவன்று பகல் சாப்பாடு முடிந்ததும் அந்தப் பழைய பதிவை ஹாலில் ஓட்டுவோம். குரல் தூரத்தில்தான் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா கேட்கக் கேட்க, பதிவிலிருக்கும் இரண்டு அம்மாக்களோடு சேர்ந்து கதிரையிலிருக்கும் அம்மாவும் பதில் சொல்வார். ஒவ்வொரு முறையும் சொல்கிறார், ஒவ்வொரு முறையும் வேறு பதில். தயவுசெய்து யாரும் தேற்றுவதற்கு எழுந்து போகவேண்டாம். அவர்கள் பேசி முடிக்கட்டும்.