ஃபிரிட்ஜில் நான்கு இளமைகள்

என் கணவருக்கு ஐம்பத்தொன்பது வயது. எங்கள் ஒரே மகளுக்கு ஏழு. கல்யாணமும் பிள்ளையும் எங்களுக்குத் தாமதமாகத்தான் வாய்த்தன. போன வருடம் பள்ளி வாசலில் ரொட்டி விற்பவர் இவரைப் பார்த்து, "பேத்திய கூப்பிட வந்தீங்களா ஐயா?" என்று அன்பாகக் கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்தவர் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். நானாவது சும்மா இருந்திருக்கலாம். சிரித்துத் தொலைத்தேன்.

அடுத்த வாரமே எங்கள் ஃபிரிட்ஜில் சாம்பார் பாத்திரத்துக்குப் பக்கத்தில் பெப்டைட் குப்பிகள் குடியேறின. புரதத்தின் சின்னச் சின்னத் துண்டுகளாம். ஊசியில் ஏற்றிக்கொண்டால் வயது பின்னால் நடக்குமாம். போன் வீடியோவில் இதை விற்றவனுக்கு மழமழவென்று முகம், முப்பதுகூட ஆகியிருக்காது. முப்பது வயதுக்காரன் இளமையாக இருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்டேன். இவர் காதில் விழவில்லை.

எங்கள் ஊர் ஜுருவில் பழைய கார் விற்பவர் அல்லவா, எதையும் ஒப்பிடாமல் வாங்கமாட்டார். ஒரு தாளில் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டினார். நீல நிறக் குப்பி தோலுக்கு. இரண்டாவது மூட்டுக்கு. மூன்றாவது தொப்பைக்கு. நான்காவது பொதுவாக நீண்ட ஆயுளுக்கு. எந்த நாட்டுச் சரக்கு, வாங்கியவர்கள் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார்கள், எதில் சீக்கிரம் 'பிக்கப்' கிடைக்கிறது என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. நான்கு குப்பியிலும் பொடி எழுத்தில் ஒரே வரி இருந்தது: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல. அதற்கு மட்டும் கட்டம் இல்லை.

"மனுஷனுக்கு இல்லன்னு போட்டிருக்கேங்க?"

"அது சும்மா கஸ்டம்ஸுக்குப் போட்டது லா. உனக்கு ஒன்னும் தெரியாது."

தினமும் காலையில் தொப்பையைப் பிடித்து ஊசி குத்திக்கொண்டார். மூன்று மாதத்தில் பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போனது. மூன்றாவது குப்பிக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். ஓயாமல் தாகம் எடுத்தது, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தார். உடம்பு கழிவையெல்லாம் வெளியேற்றுகிறதாம். நான்காவது குப்பிக்கும் நட்சத்திரம் கூடியது. கன்னத்தைத் திருப்பிக் காட்டி, "வித்தியாசம் தெரியுதா?" என்பார். தெரியத்தான் செய்தது. கன்னம் ஒட்டிப்போய், சட்டை தொளதொளத்து, ரொட்டிக்காரர் நினைத்ததைவிடப் பத்து வயது கூடித் தெரிந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிவறையைக் கழுவப் போனேன். பீங்கானைச் சுற்றி எறும்பு மொய்த்துக் கிடந்தது. எனக்குப் பகீரென்றது. என் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்ததும் இப்படித்தான்.

"நாளைக்கே அரசாங்க கிளினிக்குப் போறோம்."

"அங்கயா? கெழவனுங்க கூட வரிசையில உக்காரச் சொல்றியா?"

"ஆமா. அதையும் ஒரு கட்டத்துல எழுதிக்குங்க."

தினமும் தன்னைத்தானே குத்திக்கொள்ளும் வீரர், நர்ஸ் விரலைப் பிடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் நாட்டு அளவில் சர்க்கரை பதினெட்டு. எட்டு இருந்தாலே அங்கே திட்டுவார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண், தமிழ்ப் பிள்ளை. நான் பையிலிருந்து நான்கு குப்பிகளையும் எடுத்து அவள் மேசையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"அங்கிள், உங்கள இளைக்க வச்சது இந்த ஊசி இல்ல. சர்க்கரை."

என் நாக்கு நுனியில் நல்ல கேலி ஒன்று தயாராக இருந்தது. அதற்குள் அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"ஒரு பத்து வருஷம் கிடைக்குமா டாக்டர்? பொண்ணு அஞ்சாம் படிவம், ஸ்கூல் படிப்ப முடிச்சிட்டா போதும்."

முகத்துச் சுருக்கம் போகத்தான் இத்தனை பாடு என்று நான் நினைத்திருந்தேன். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் இன்னும் கூடவே கிடைக்கும் என்றாள் டாக்டர். எனக்குக் கோபமாக வந்தது.

"பிள்ளைக்குப் பத்து, சரி," என்றேன். "எனக்கு?"