ஈசான மூலையில் ஒரு செப்புச் சதம்

"அன்ரி, முழங்கால் நோகேல்லையோ?" என்று யாராவது மனோரஞ்சிதத்திடம் கேட்டுவிட்டால் போதும், பிடித்துக்கொள்வாள். "நோகுதுதான். அதுக்காக நிண்டுகொண்டு ரைல்ஸ் பதிக்கேலுமோ?" வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவள் ஓடு பதித்த தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கும்.

மட்டக்களப்பிலிருந்து கனடாவுக்கு வந்த புதிதில் மிசிசாகாவில் ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்தவள். பிறகு பத்மநாதனின் ரைல்ஸ் கோஷ்டியில் வாளியில் சாந்து குழைக்கப் போனாள். குழைத்தவள் பூசப் பழகினாள், பூசியவள் வெட்டப் பழகினாள், கடைசியில் முழுக் குளியலறையையும் தனியே முடித்துக் கொடுத்தாள். வீட்டுக்காரர் கைகுலுக்கியது மட்டும் எப்போதும் பத்மநாதனோடுதான். "நானே கொம்பனி தொடங்கப்போறன் அண்ணை" என்று ஒருநாள் சொன்னபோது அவர் சிரித்தார்.

"ரஞ்சிதம், உமக்கு வேலை தெரியும். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பிழைச்சுப்போனா முன்னுக்கு நிண்டு பொறுப்பெடுக்கிறது ஆர்? அதெல்லோ கொம்பனி. உம்மால உது ஏலாது."

அந்தச் சிரிப்பை அவள் மறக்கவே இல்லை. மல்வேர்னில் ஒரு பழைய வான் வாங்கி, அதன் பக்கத்தில் தன் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதுவித்தாள். முதல் வேலை பிரதீபாவின் வீட்டில் கிடைத்தது. இது சரிவந்தால் அடுத்தது வரும். வேலை பிழையாகிவிட்டால் ஸ்காபரோ முழுக்கக் கதை பரவும், திரும்பவும் பத்மநாதனின் வாளிதான்.

பிரதீபா குடிபோக வாங்கியது ஒரு பழைய வீடு. சமைக்கிற குசினிக்கும் பக்கத்துச் சாமியறைக்கும் தரைக்கடியில் வெந்நீர் ஓடவேண்டும் என்று அவளுக்கு ஆசை. கொங்கிறீற் ஊற்றித் தரையை உயர்த்தினால் கதவு திறக்காது. அதனால் மெல்லிய பலகைகள். அவற்றில் நீளப் பள்ளமாக வெட்டிய தவாளிப்புகளுக்குள் பைப் வளைந்து வளைந்து போகும், மேலே மெல்லிய பூச்சு, அதற்கு மேல் நேரே ரைல்ஸ். பைப் போட்ட பிளம்பர், தமிழ்ப் பொடியன் மாக்கஸ், தண்ணீரை அழுத்தி நிரப்பி, சுவரோரம் அழுத்தம் காட்டும் ஒரு கேஜைப் பூட்டிவிட்டிருந்தான்.

"ஊசி அசையாமல் நிண்டா பைப் பத்திரம் அன்ரி. இறங்கினா எங்கயோ ஓட்டை. ஒவ்வொரு நாளும் பாருங்கோ, ஓகே?"

மனோரஞ்சிதத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தரையானாலும் ஈசான மூலையில்தான் முதல் ரைல். அதற்கடியில் மஞ்சள் பூசிய ஒரு செப்புச் சதம். கனடாவில் சதக்காசு வழக்கொழிந்துபோனாலும் அவளிடம் ஒரு மைலோத் தகரப் பேணி நிறையக் கிடந்தது. கொங்கிறீற் தரைகளில் இதனால் ஒரு வில்லங்கமும் வந்ததில்லை. இங்கே பூச்சு மெல்லியது, காசு ரைலைத் தூக்கிவிடும் போலிருந்தது. முதல் வேலை, காசு வைக்காமல் தொடங்க மனம் வரவில்லை. பூச்சுக்குள் மறைந்த பைப்பின் வளைவு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கும் என்று நினைத்து, உளிமுனையால் காசளவு சுரண்டினாள். பிள்ளையாரை நினைத்துக் காசை வைத்து, ரைலை அமுக்கினாள். அன்றைக்கே சாமியறையை முடித்துக் குசினிக்குள்ளும் பாதி வந்துவிட்டாள்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் ஊசி இறங்கிக் கிடந்தது.

மாக்கஸைக் கூப்பிட்டாள். மாக்கஸ் ஓடிவந்து பைப்பின் ஒவ்வொரு பூட்டையும் காய்ந்த துணியால் துடைத்துப் பார்த்தான். ஒன்றிலும் ஈரம் இல்லை. வாசலில் நின்ற பிரதீபாவின் முகம் செத்துப்போயிருந்தது. "முழுக்கக் கிளப்பவேணுமோ?" என்று கேட்டாள். மாக்கஸ் தலையைச் சொறிந்தான்.

"ஸொறி அக்கா, என்ர பிழையாத்தான் இருக்கும். அண்டைக்கு அவசரத்தில பூட்டினனான். எல்லாத்தையும் கழட்டித் திருப்பிப் பூட்டுறன்."

மனோரஞ்சிதத்துக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. உளிமுனை ஒருதரம் மெத்தென்று எதிலோ இறங்கியது கைக்கு ஞாபகம் வந்தது. காசை எவரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி முழுவதும் மாக்கஸின் தலையில் விழும், வானில் எழுதிய பெயர் தப்பிவிடும். பத்மநாதனின் சிரிப்பு காதில் கேட்டது. அவளுக்குத் தன்மேலேயே கோபம் பொங்கியது. அடி விசரி, இதுக்கோ கொம்பனி தொடங்கினாய், வாயைத் திற!

"மாக்கஸ், கையை எடு மனே. பிழை உன்ட இல்லை. என்ட."

சாமியறைக்குள் போய் முழங்காலைத் தரையில் ஊன்றினாள். தான் வைத்த முதல் ரைலின் நடுவில் சுத்தியலால் அளந்து ஒரு தட்டு. நெஞ்சுக்குள்ளும் ஏதோ உடைந்தது. துண்டுகளைக் கையாலேயே பிடுங்கினாள். ஈரச் சாந்துக்குள் காசு மஞ்சளாகக் கிடந்தது. அதற்குக் கீழே பைப்பில் நகக்கீறல் அளவு ஒரு வெட்டு, அதிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"உதென்ன அன்ரி, காசோ?" என்றாள் பிரதீபா. மனோரஞ்சிதம் ஒளிக்காமல் சொன்னாள். பிரதீபாவுக்குச் சுள்ளென்று ஏறியது. "என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமெல்லோ! என்ர வீடு அன்ரி இது!"

"ஓம், கேட்டிருக்கவேணும். ஏசு பிள்ளை, வேணுமெண்ட மட்டும் ஏசு. ஆனா வேலையை முடிக்காமல் நான் இஞ்சயிருந்து போகமாட்டன்."

பிரதீபா ஏசத்தான் செய்தாள். மனோரஞ்சிதம் கேட்டுக்கொண்டே அடுத்த ரைலைக் கிளப்பினாள், பிறகு அதற்கடுத்ததை. சாமியறை முழுவதையும் கிளப்பினாள். நனைந்த பலகைகளை மாற்றினாள். மாக்கஸ் பைப்பை வெட்டி இணைப்புப் போட்டு மறுபடி தண்ணீரை அழுத்தினான். ஊசி அசையாமல் நிற்பதை இரண்டு நாள் பார்த்த பிறகுதான் அவள் சாந்து குழைத்தாள். இந்தமுறை காசு அவளுடைய சட்டைப்பைக்குள் இருந்தது. வேலை முடிந்ததும், "சாந்து நல்லாக் காயுமட்டும் சூடு போடாதை, கெஞ்சிக் கேக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிரதீபா தலையை மட்டும் ஆட்டினாள்.

பால் காய்ச்சுகிற நாளுக்கு அழைப்பு வருமென்று மனோரஞ்சிதம் எதிர்பார்க்கவேயில்லை. வந்தது. போனால், சனத்துக்குள் பத்மநாதனும் நிற்கிறார்! திரும்பிவிடலாமா என்று ஒருகணம் நினைத்தாள். அதற்குள் ஐயர் சாமியறைத் தரையில் அடிக்கத் தேங்காயை ஓங்கிவிட்டார். "ஐயா, வெளியில! வெளியில போய் உடையுங்கோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஐயரே வெலவெலத்துப்போனார். சனம் சிரித்தது.

"நல்ல வேலை. ஆர் பிள்ளை பதிச்சது?" என்று பத்மநாதன் பிரதீபாவிடம் கேட்டார்.

"இந்தச் சத்தம் போடுற அன்ரிதான். முதல்ல பைப்பை வெட்டிப்போட்டா. எவருக்கும் தெரியாது, பேசாமல் இருந்திருக்கலாம். தானே சொல்லி, தானே உடைச்சு, முழுக்கத் திருப்பிப் பதிச்சுத் தந்தவ. எனக்கு அண்டைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனா என்ர தங்கச்சியின்ர வீட்டு வேலையையும் இவவிட்டத்தான் குடுக்கப்போறன்."

பத்மநாதன் தரையை மறுபடியும் பார்த்தார். இத்தனை வருடத்தில் மனோரஞ்சிதம் தான் பதித்த எந்தச் சுடுதரையிலும் நின்றதில்லை. சூடு வருவதற்கு முன்பே வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவதுதான் வழக்கம். காலுறையைக் கழற்றிவிட்டு ஈசான மூலையில் போய் நின்றாள். நோகிற முழங்கால் வரைக்கும் இதமான சூடு ஏறியது.

"அண்ணை, நீங்களும் காலுறையைக் கழட்டிப்போட்டு வாங்கோ. இஞ்ச வந்து நிண்டு பாருங்கோ."

பத்மநாதன் குனிந்து காலுறையைக் கழற்றினார்.