கதவுக்கு வைத்த கல்

ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். கொஞ்ச வருஷம் வீட்டில் தீப்பெட்டி ஒட்டினேன். பிறகு பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். அங்கே முதல் நாள் போர்மேன் சொல்லித் தந்தது வெடிமருந்தைப் பற்றி இல்லை, கதவைப் பற்றி. மருந்து அடைக்கிற அறைக்கு நாலு பக்கமும் வாசல். ஆள் உள்ளே இருக்கிற வரைக்கும் நாலு கதவும் திறந்தே கிடக்க வேண்டும். காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு கதவுக்கும் ஒரு மணல் பை. "சத்தம் கேட்டா ஓடு. எவளையும் கூப்பிடாத, திரும்பிப் பாக்காத." அவ்வளவுதான் பாடம்.

நான் பொதுவாகவே பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிற ஆள். ஒரு மழைக்காலத்தில், சாரலில் மருந்து நனையுமே என்று பக்கத்து அறையில் ஒரே ஒரு கதவைச் சாத்தி வைத்தார்கள். அன்றைக்குப் பார்த்து வெடித்தது. அந்தக் கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் வெளியே வரவில்லை. அதிலிருந்து சாத்திய கதவு எனக்கு ஆகாது. குளிக்கும்போதுகூட அம்மாவை வாசலில் காவல் நிறுத்திவிட்டுக் கதவை ஒருக்களித்துத்தான் வைப்பேன். எங்கள் ஊர் ஆமத்தூரில் இதைச் சொல்லிச் சிரிக்காத வீடு இல்லை.

இப்படிப்பட்டவள் சிறுத்தைக்குச் சேவை செய்யப் போனேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

தீபாவளி முடிந்து சீசன் இறங்கி, கம்பெனியை ஒரு மாதம் பூட்டியிருந்தார்கள். மலையடிவாரத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் வனத்துறையில் தினக்கூலி வாட்சர். அந்தச் சமயம் காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்த சுருக்குக் கம்பியில் ஒரு பெண் சிறுத்தையின் பின்னங்கால் மாட்டி, சதை கிழிந்து போயிருந்தது. அதைப் பிடித்து வந்து முகாமில் கூண்டு கட்டி வைத்திருந்தார்கள். கால் ஆறியதும் திரும்ப மலையிலேயே விடுவதாக ஏற்பாடு. சம்பளமில்லாமல் ஒத்தாசைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். நிபந்தனை ஒன்றுதான். ஆள் பேசக் கூடாது.

"எங்க கொழுந்தியா இருக்கா சார். சிறுத்தையைக் கண்டா இவளுக்குப் பேச்சே வராது" என்று அத்தான் என்னைக் கோத்துவிட்டார்.

முடியாது என்று சொல்லக்கூட எனக்குப் பயம். சரி என்றேன்.

கூண்டைச் சுற்றிச் சாக்குப் படுதா கட்டியிருந்தது. மனுஷ முகத்துக்கும் குரலுக்கும் அது பழகிவிடக் கூடாது என்பதற்காக. "பழகிருச்சுன்னா காட்டுல விட முடியாதும்மா. ஊருக்குள்ள வரும். அப்புறம் சாகுற வரைக்கும் ஜூதான்" என்று டாக்டர் முதல் நாளே சொன்னார்.

ஒரு பெரிய கூண்டு, அதை ஒட்டி ஒரு சின்னக் கூண்டு, நடுவில் கயிறு போட்டுத் தூக்குகிற இரும்புக் கதவு. சின்னக் கூண்டில் கறியைப் போட்டுவிட்டு, வெளியே நின்று கயிற்றை இழுத்தால் கதவு மேலே ஏறும். சிறுத்தை நொண்டிக்கொண்டே அந்தப் பக்கம் போகும். கயிற்றை விட்டால் கதவு 'டங்' என்று இறங்கும். அதற்குப் பிறகுதான் நான் பெரிய கூண்டுக்குள் போய்க் கூட்டிக் கழுவி, தொட்டியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். உள்ளே போவதற்கு இரண்டு கதவு. நடுவில் நாலு எட்டு நீளத்துக்கு ஒரு நடை. வெளிக்கதவைத் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். கூண்டுக்காரர்கள் உலகத்தில் இதுதான் முதல் பாடமாம்.

அத்தான் நின்ற நாட்களில் அவரே வெளிக்கதவைச் சாத்துவார். தாழ்ப்பாள் விழுகிற சத்தத்துக்கு வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொள்வேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டு ஓடி வருவேன். அவர் மலைக்கு ரோந்து போகிற நாட்களில் நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை எழுதியதில்லை. இரண்டு கதவையும் மல்லாக்கத் திறந்து, மணல் பை இல்லாததால் கதவுக்கொரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். மறதியில் இல்லை. தெரிந்தேதான்.

கறி கொண்டுவருகிறவர் கடைத்தெரு பாய். அவர் குடும்பத்துக்கு விருதுநகரிலும் கறிக்கடை உண்டு. டி.வி.எஸ். ஐம்பதில் சாக்குப் பையைக் கட்டிக்கொண்டு காலையில் வந்துவிடுவார். முகாம் வாசலில்தான் அவருக்குப் பேச அனுமதி.

"ஏந் தங்கச்சி, எங்க வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இம்புட்டு நல்ல தொடைக்கறி போட்டதில்ல. அவரு கேட்டா கோவிச்சுக்கிருவாரு."

"எலும்பப் பெருசா வெட்டிட்டீகளே பாய்."

"பல்லுக்கு வேலை வேணும்லம்மா. உங்க டாக்டருதான் சொன்னாரு."

அந்தப் பெரிய எலும்புதான் வினையாகப் போயிற்று.

சாரல் அடித்த ஒரு காலை. அத்தான் மலைக்குப் போயிருந்தார். பாய் இன்னும் வந்திருக்கவில்லை. முந்தின நாள் கறியில் மிச்சம் எடுத்து வைத்திருந்ததைச் சின்னக் கூண்டில் போட்டு, சிறுத்தை போனதும் கயிற்றை விட்டேன். 'டங்' என்று கேட்கவில்லை. 'தொப்' என்றுதான் கேட்டது. மழையில் கயிறு ஊறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கறி போடுகிற சன்னலின் கொக்கியை மூன்று தடவை ஆட்டிப் பார்த்தேன். கயிற்று முடிச்சை இரண்டு தடவை. பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் பார்த்தேன். கதவுகளுக்குக் கல்லை வைத்துவிட்டு விளக்குமாற்றோடு உள்ளே போனேன்.

பாதிக்கு மேல் கூட்டியிருப்பேன். இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. கதவு இறங்குகிற பள்ளத்தில் எலும்புத்துண்டு கிடந்திருக்கிறது. கதவு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. அந்தச் சாணுக்குள் ஒரு பாதம் வந்தது. புள்ளி புள்ளியாக, ஈரமாக. பாதம் கதவை மேலே நெம்பியது. அடுத்துத் தலை.

நான் ஓடினேன். எப்படி ஓடினேன் என்று கேட்டால் தெரியாது. கால் தானாக ஓடியது. உள்கதவு, நடை, வெளிக்கதவு, படுதா, முகாம் வாசல் புளியமரம். யாரையும் கூப்பிடவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. போர்மேன் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் கீழே ரோட்டில் டி.வி.எஸ். சத்தம் கேட்டது. பாய் வருகிறார். பச்சைக்கறியோடு வருகிறார். இரண்டு கதவும் மல்லாந்து கிடக்கின்றன. அவர் மேல் அது பாய்ந்தால் அவர் போச்சு. ஊர் திரண்டு அடித்தால் அது போச்சு. ஓடித் தப்பித்தால், ஆறாத காலோடு எந்தத் தோப்பில் கிடந்து சாகுமோ.

திரும்பி நடந்தேன். தைரியம் என்று யாரும் எண்ண வேண்டாம். பாவாடை நனைந்து போயிருந்தது. அது மழை இல்லை.

வெளிக்கதவைச் சாத்த வேண்டும் என்றால் குனிந்து கல்லை எடுக்க வேண்டும். கல்லை எடுக்க, தலையை வாசலுக்கு நேராகக் கொடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். கல் வரவில்லை. சேற்றில் பதிந்திருந்தது. ஆட்டி ஆட்டி எடுக்கும்போது கண்ணைத் திறந்துவிட்டேன்.

அது நடையில் இல்லை. பெரிய கூண்டின் தூரத்து மூலையில், கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. காதை மண்டையோடு ஒடுக்கியிருந்தது. உடம்பெல்லாம் நடுக்கம். கல் பிடுங்கி வந்த சத்தத்துக்குச் சீறியது. சீறிக்கொண்டே இன்னும் மூலைக்குள் போகப் பார்த்தது. போவதற்கு இடமில்லை.

கதவைச் சாத்தினேன். எத்தனை தடவை தள்ளியும் தாழ்ப்பாள் துவாரத்தில் விழவில்லை. சேற்றில் உட்கார்ந்து முதுகைக் கதவுக்குக் கொடுத்தேன்.

பாய் படுதாவை விலக்கிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, கதவுக்கு முட்டுக் கொடுத்து உக்காந்திருக்கீக?"

"உள்கதவு தொறந்து கெடக்கு பாய். அது பெரிய கூண்டுலதான் இருக்கு."

பையைப் பொத்தென்று போட்டார். அடுத்த நிமிஷம் அவரும் என் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்து முதுகைக் கொடுத்தார். அவர் வாய்க்குள் ஓதுவது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "நான் அறுபத்தஞ்சு கிலோ. என்னைப் பாத்துட்டா உங்களை எங்க தொடப் போகுது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது.

தாழ்ப்பாளை அவர்தான் போட்டார். புதுக்கறியைச் சன்னல் வழியாகச் சின்னக் கூண்டுக்குள் தள்ளினோம். கயிற்றை ஏற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு ஏறியதும் பள்ளத்தில் சிக்கியிருந்த எலும்பு புரண்டு விலகியது. ரொம்ப நேரம் கழித்து, வயிறு தரையில் தேய அது உள்ளே போனது. கயிற்றை விட்டேன். 'டங்'.

"நான் எதையும் பாக்கல. ரசீது போட்டாச்சு, கறி கொடுத்தாச்சு, போயிட்டேன்" என்றார் பாய்.

நானும் சொல்லவில்லை. அத்தானுக்கு நிரந்தர வேலை கிடையாது. யாராவது ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு வராதே என்றுவிடுவார்கள். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். சோறு இறங்கவில்லை. தட்டைப் பார்த்தால் அந்தச் சாண் இடைவெளிதான் தெரிந்தது. அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போனேன். தாழ்ப்பாள் போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்து.

நாலாம் நாள் டாக்டர் வந்தார். கால் ஆறிவிட்டது என்றார். ஆனால் முகம் சரியில்லை. "தினமும் ஒரே நேரத்துக்குச் சாப்பாடு. படுதா இருந்தாலும் மனுஷ வாடை இருக்கத்தான் செய்யுது. ஆளைக் கண்டா சாப்பாடுன்னு பக்கத்துல வருதா, ஒதுங்குதா, எனக்கு எப்படித் தெரியும்? சந்தேகம் இருந்தா காட்டுல விடலாம்னு நான் எழுத மாட்டேன். ஜூவுக்குத்தான் அனுப்பணும்."

அத்தான் தலையைச் சொறிந்தார். "நல்லாத்தான் இருக்கு சார்" என்றார்.

மனுஷரைக் கண்டால் அது என்ன செய்யும் என்று தெரிந்த ஆள் அந்த முகாமில் நான் ஒருத்திதான்.

"ஒதுங்கும் சார்" என்றேன்.

"எப்படிச் சொல்றம்மா?"

சொன்னேன். கல்லை, கதவை, எலும்பை, எல்லாவற்றையும். அத்தான் என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்தார். டாக்டர் திட்டவில்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

"நீ ஓடினப்ப துரத்துச்சா?"

"தெரியாது சார். நான் திரும்பிப் பாக்கல. திரும்ப வந்தப்ப மூலையில கெடந்து நடுங்குச்சு."

"கதவு தொறந்துதான இருந்துச்சு?"

"ரெண்டும் தொறந்துதான் கெடந்துச்சு சார்."

"வாசல்ல நீ நின்னதால அந்தப் பக்கம் வரல?"

"ஆமா சார். என்னையப் பாத்துத்தான்."

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்றார்.

அத்தானுக்கு வேலை போகவில்லை. எழுத்தில் ஒரு எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் பொங்கல் வரைக்கும் அவர் என்னிடம் பேசவில்லை. சிறுத்தையை விடும்போது பார்க்க எனக்கு அனுமதி இல்லை. ஆமத்தூரில் பெட்டிக்கடை போனுக்கு அக்கா கூப்பிட்டுச் சொன்னாள்: "தொறந்த ஒடனே போயிருச்சாம்டி. நொண்டலையாம். சின்னதா ஒரு செடி ஆடுச்சாம், அம்புட்டுத்தான்."

கம்பெனி திறந்தார்கள். முதல் நாள் மருந்து அறையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தோம். புஸ்வாணப் பூச்சட்டி ஆர்டர். கை வேலையில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் அறை புழுங்குகிற மாதிரி இருந்தது. எதிரே இருந்தவள் நிமிர்ந்து என் முதுகுப் பக்கம் பார்த்தாள்.

"அடியே, கதவ எவடி சாத்துனது?"

திரும்பிப் பார்த்தேன். மணல் பை ஓரமாகத் தள்ளிக் கிடந்தது. கதவு இறுக்கமாகச் சாத்தியிருந்தது. கடைசியாக உள்ளே வந்தவள் நான்தான்.