காலுறை போட்டுக்கொண்டு பால்குடம் தூக்கியவர்

எனக்கும் இனிப்பு நீர் நோய், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. அதை மறைத்துக்கொண்டு, அதே நோயை வாய்விட்டுச் சொன்ன ஒருவரைக் கேலி செய்தேன். முதலில் சிரித்தவனே நான்தான்!

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. உங்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

கோபால் அண்ணனும் நானும் மலேசியாவில் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். பிறகு மலாக்கா பக்கம் புக்கிட் ரம்பாயில் ஒரே தொழிற்சாலையில் வேலை. தோட்டத்தை விட்டு வந்தாலும், மாசி மகத்துக்குக் காவடி எடுப்பதை மட்டும் எங்கள் ஆட்கள் விடவில்லை. அலகு குத்தி, வெறுங்காலில் தார்ச்சாலையில் நடந்தால்தான் ஆம்பிளை... அப்படித்தான் எங்களுக்குள் பேச்சு.

அந்த வருடம் விரதம் தொடங்குவதற்கு முன், கேண்டினில் அண்ணன் சொன்னார்.

"இந்தத் தடவ காவடி இல்லப்பா. இனிப்பு நீர் வந்துருச்சு. காலு மரத்துப் போச்சு, ஆணி குத்தினாகூட தெரியல. சாக்ஸ் போட்டுக்கிட்டு பால்குடம் எடுக்கறேன். பயமா இருக்கு லா... புள்ளைங்க சின்னது."

பயமாக இருக்கிறது என்று ஓர் ஆண் சொல்லி நான் அதுவரை கேட்டதே இல்லை.

'எனக்கும்தான் அண்ணே' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னேனா? நான் சொன்னது இதுதான்:

"அண்ணிகிட்ட சேலை வாங்கிக் கட்டிக்கிட்டு வாங்கண்ணே! பொம்பளைங்க வரிசையில எடுப்பா இருக்கும் லா!"

கூட இருந்தவர்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும்! அதற்குச் சில வாரங்கள் முன்புதான், மலாக்கா டவுன் கிளினிக்கில் நான் இனிப்பு நீருக்கு மருந்து வாங்கியபோது எதிர் நாற்காலியில் அவர் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரிப்பெல்லாம் என் பக்கம் திரும்பியிருக்கும்.

"சேலையா? உங்க அண்ணி தர மாட்டாடா" என்றார். பிறகு மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்.

நான் காவடி எடுத்தேன். அவர் மஞ்சள் வேட்டியும் வெள்ளைக் காலுறையுமாக, பெண்களுக்கு நடுவே பால்குடத்தோடு தலை நிமிர்ந்து நடந்தார். அன்று அந்த ஊர்வலத்தில் அவரைவிட ஆண் யார்?

காவடி இறக்கியதும் அவரே வந்து என் பாதத்தைக் கழுவினார். உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு. எனக்குத் தெரியவே இல்லை... மற்றவர்கள் பார்க்காதபடி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுடா" என்று முணுமுணுத்தார்.

நான் காட்டவில்லை. புண் அழுகி இரண்டு விரல்கள் போயின. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்று ஊருக்குச் சொன்னேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில், பழைய கூட்டாளி ஒருவன் என் தோளைத் தட்டினான். "டாக்டரு, மருந்துன்னு அலையாத ஆளு நீதான்டா! சிலர் மாதிரியா?"

பக்கத்தில் அண்ணன். நான்... சிரித்து வைத்தேன்.

அண்ணன் அவனுக்கும் ஒரு புன்னகை தந்தார். பஸ் நிறுத்தம் வரை, நொண்டும் என் நடைக்கு ஏற்றபடி தன் நடையைக் குறைத்துக்கொண்டே வந்தார். வழியெல்லாம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினார்.

பஸ் வந்தது. நான் எதுவும் சொல்லாமலே ஏறிவிட்டேன்.