தேங்காயெண்ணெய் போட்ட துவக்கு

இரும்பும் பழைய கிறீசும் கலந்த ஒரு மணம் எங்கள் குசினிக்குள் வந்து குடியேறியது, நாங்கள் ஹோர்சன்ஸ் என்ற டேனிஷ் நகரத்துக்கு வந்து இரண்டாவது கோடை தொடங்கிய நாட்களில். எண்பதுகளின் நடுப்பகுதி அது. அம்மா வெங்காயம் தாளித்த மணத்தையும் மீறி அது மூக்கில் ஏறியதற்குக் காரணம், சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் அப்பா கிடத்தி வைத்திருந்த ஒரு "துவக்கு".

பயந்துவிடாதீர்கள், அது காற்றுத் துவக்கு. கௌபாய் படங்களில் வருவதுபோல விசையைச் சுற்றி வளையமாக ஒரு இரும்புப் பிடி இருக்கும். அதைக் கீழே இழுத்து மேலே மடக்கிவிட்டு விசையை அழுத்தினால் பயறளவு ஈயக்குண்டு ஒன்று பறக்கும். எங்களுடையதும் அல்ல. கீழ்வீட்டில் தனியாக இருந்த இங்கா என்ற டேனிஷ் அம்மையாருக்கு அவருடைய காலஞ்சென்ற கணவர் விட்டுப்போனது. ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் குடியிருப்பின் புல்வெளியில் ஒரு கம்பத்தில் மரப்பலகையில் வெட்டிய பறவையைத் தொங்கவிட்டு, எல்லோரும் வரிசையில் நின்று அந்த ஒரே துவக்கால் மாறி மாறிச் சுடுவார்கள். சொண்டு, செட்டை, வால் என்று துண்டு துண்டாக விழும். கடைசித் துண்டை விழுத்துகிறவர் அந்த வருடத்துக்கு "ஃபூலகொங்க", அதாவது பறவை ராசா. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டி போடுவார்கள்.

முதல் வருடம் அப்பாவும் வரிசையில் நின்றார். அந்த விசையோ துருப்பிடித்த பூட்டைப் போல இறுகியது. அப்பா முழுப் பலத்தையும் கூட்டி இழுத்ததில் குழல் மேலே எழும்பி, குண்டு வானத்துக்குப் போய்விட்டது. ஆட்கள் மரியாதையாகத்தான் சிரித்தார்கள். ஆனால் அந்தக் குடியிருப்பில் எங்களுக்குக் கிடைத்திருந்த ஒரே அறிமுகம் அந்தச் சிரிப்புத்தான்; படியில் கண்டால் தலையசைப்பார்கள், அதற்குமேல் ஒரு சொல் இல்லை. மாரிக் குளிர் முழுக்க அப்பா அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ரை குறியிலை பிழையில்லை. விசையிலைதான் பிழை."

மறு வருடம் ஜூன் நெருங்கியபோது என்னைக் கூட்டிக்கொண்டு இங்காவின் கதவைத் தட்டினார். வீட்டில் டேனிஷ் தெரிந்த ஆள் பதினொரு வயது நான்தான்.

"திருத்தித் தாறன் எண்டு சொல்லு பிள்ளை."

சொன்னேன். இங்கா அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "என் கணவர் சாகும்வரை அந்த விசையைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் யாரையும் தொடவிடவில்லை," என்றார். பிறகு உள்ளே போய்த் துவக்கைக் கொண்டுவந்து, குழந்தையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தார்.

அம்மா வாசலிலேயே அப்பாவை மறித்தார். "துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்டு வாறியளோ?" பட்டப்பகலில் யன்னல் சீலைகளை இழுத்து மூடினார். குழல் மாதா படத்தைப் பார்க்கக் கூடாது என்று தொடங்கி, பிள்ளைகளின் கட்டிலைப் பார்க்கக் கூடாது, அடுத்த வீட்டுச் சுவரைப் பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு திசையாகத் தள்ளி, கடைசியில் அது குளியலறையைப் பார்த்தபடி கிடந்தது. அதனால் துவக்கு வீட்டில் இருந்த நாட்களில் நாங்கள் குளிக்கப் போவதே குறைந்தது.

அப்பா ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுதியவர். சைக்கிளுக்குக் காற்றடிப்பதைத் தாண்டி எந்த இயந்திரத்தோடும் பழக்கமில்லாதவர். முதலாவது ஆணியைத் தட்டிக் கழற்றியதும் உள்ளேயிருந்த சின்னச் சுருள்வில் துள்ளிப் பறந்து, மின்விளக்கில் ஒரு "டிங்" போட்டு, காணாமல் போனது. கட்டிலுக்குக் கீழே, சப்பாத்துக்குள்ளே எல்லாம் தேடினோம். இரவுச் சாப்பாட்டில் அம்மா சொதியை அள்ளி ஊற்றியபோது அப்பாவின் சோற்றுக் கோப்பைக்குள் அது விழுந்தது. அப்பா அதை நக்கித் துடைத்துவிட்டு, "அப்பாடா" என்றார்.

உள்ளே பழைய கிறீசு தார்போல இறுகிக் கிடந்தது. அதைச் சுரண்டி, உரசும் இடங்களைப் பற்பசை போட்டுத் தேய்த்து மினுக்கி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். கடைசியில் எண்ணெய் விட வேண்டியிருந்தது. வீட்டில் எண்ணெய் என்றால், லண்டனிலிருந்து வந்து, அம்மா தலைக்குச் சொட்டுச் சொட்டாக வைத்துக்கொண்டிருந்த தேங்காயெண்ணெய்தான். அம்மா மாடிப்படி கூட்டப் போன நேரம் பார்த்து, அப்பா தாராளமாக விட்டார்.

அடுப்பெரிகிற குசினியில் விசை வெண்ணெய்போல நழுவியது. அப்பா குண்டு போடாமல் ஒருதடவை இழுத்துக் காட்டிவிட்டு, "பாத்தியே?" என்றார்.

போட்டியன்று ஃபியோர்ட் கடற்கரைப் பக்கமிருந்து குளிர்காற்று வீசியது. ஜூன் மாதம்தான்; எல்லோரும் கோட்டு போட்டிருந்தார்கள். சொசேஜ் சுடும் அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது. அப்பா துவக்கைத் திருத்தியிருக்கிறார் என்று இங்கா எல்லோருக்கும் சொல்லியிருந்தபடியால், முதல் வெடி அப்பாவுக்கே என்று விட்டுக்கொடுத்தார்கள். அப்பா பிடியை இழுத்து மடக்கினார். குறி பார்த்தார். இழுத்தார். விசை அசையவில்லை. மறுபடி இழுத்தார். பல்லைக் கடித்து இழுத்தார். குடியிருப்புத் தலைவர் வந்து இழுத்துப் பார்த்தார். சிமெந்து பூசியதுபோல இருந்தது. யாரோ, "உடைத்துவிட்டான்," என்று டேனிஷில் சொன்னது எனக்குக் கேட்டது. அப்பாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் இங்காவின் முகத்தைப் பார்த்தார். இங்கா துவக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான், கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற அம்மா, தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு துவக்கை நோக்கி நடந்து வந்தார். குனிந்து விசையடியை மணந்தார். விசையைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டினார்.

"என்ரை தலை எண்ணெயையே விட்டனீங்கள்?"

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குளிருக்கு உறைஞ்சு போச்சு. சூடாக்கினால் இளகும். சொல்லு பிள்ளை!"

நான் உரத்துச் சொன்னேன். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு இங்கா துவக்கை வாங்கிக் குண்டை எடுத்துவிட்டு, நேரே சொசேஜ் அடுப்படிக்குப் போய் விசையை வெக்கைக்கு மேலே பிடித்தார். கொஞ்ச நேரத்தில் புல்வெளி முழுக்கத் தேங்காய் மணம். யாரோ ஒரு பிள்ளை, "கேக் சுடுகிறார்களா?" என்று கேட்டது.

சூடான துவக்கில் குண்டைப் போட்டு இங்கா நீட்ட, அப்பா வாங்கிப் பறவைப் பக்கம் தூக்கினார். விரல் பட்டதுதான் தாமதம், வெடித்துவிட்டது. குண்டு பறவையைத் தொங்கவிட்டிருந்த கம்பிக் கொழுக்கியில் பட்டு, சொண்டு, செட்டை, வாலோடு முழுப் பறவையும் நிலத்தில் விழுந்தது.

அவ்வளவு பேரும் ஒரு வருடம் காத்திருந்த போட்டி முதல் வெடியோடு முடிந்திருந்தது. தலைவர், "இதைக் கணக்கில் எடுக்க முடியாது," என்று தொடங்கினார். "கடைசித் துண்டு விழுந்துவிட்டதா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, இங்கா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

பட்டி அப்பாவின் நெஞ்சில் ஏறியது. மற்றவர்கள் பறவையை மறுபடி தொங்கவிட்டு இரண்டாம் பரிசுக்குச் சுட்டார்கள். ஒவ்வொருவரும் அடுப்படிக்குப் போய் விசையைக் காய்ச்சிக்கொண்டுதான் வரிசைக்கு வந்தார்கள். மறுநாளிலிருந்து படியில் அப்பாவைக் கண்டவர்கள், "வணக்கம், ராசா," என்று நின்று கதைக்கத் தொடங்கினார்கள். அம்மாவிடம் தேங்காயெண்ணெய் எங்கே வாங்கலாம் என்று கேட்டு இருவர் வந்தார்கள்; தலைக்கா, துவக்குக்கா என்று அம்மா என்னைக் கேட்கச் சொன்னார்.

இப்போது அந்தப் புல்வெளியில் கார்கள் நிற்கின்றன. பறவை சுடுவது எப்போது நின்றது என்று கேட்க, அந்தக் குடியிருப்பில் பழைய ஆட்கள் யாருமில்லை. இங்கா போய் நெடுங்காலம். துவக்கு யார் கைக்குப் போனதோ தெரியாது. அப்பாவும் போன மாரியில் போய்விட்டார். அவர் இருக்கும்வரை எந்தக் கொண்டாட்டத்திலும் ஒரு சண்டை நிச்சயம். "குறி பார்த்துத்தான் சுட்டனான்," என்பார் அப்பா. "கண்ணை மூடிக்கொண்டு நிண்டவர்," என்பார் அம்மா. நாங்கள் எல்லோரும் அம்மா பக்கம்தான்.

அண்மையில் பக்கத்து நகரமான வைலேயில் என் வீட்டில் அம்மாவோடு தேத்தண்ணி குடிக்கும்போது என் மகன் டேனிஷில் கேட்டான், அம்மப்பா உண்மையிலேயே குறி பார்த்தாரா என்று. நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்; சிரிக்கத் தயாராக இருந்தேன்.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஓம் அப்பு," என்றார். "வடிவாக் குறி பார்த்துத்தான் சுட்டவர்."