பதினெட்டாவது கேள்வி

பள்ளி வாசலில், வேன் வராத இரண்டு பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. ஆசிரியர்கள் குழுவில் யாரோ ஒரு வரி போட்டிருந்தார்கள்: ஜெசிந்தா டீச்சர் இன்று காலை தவறிவிட்டார். அதன் கீழே கூப்பிய கைகளின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அலுப்புதான் வந்தது. பந்தல், நாற்காலி, குடிதண்ணீர், வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்ல ஓர் ஆள் என்று மனம் அடுக்கத் தொடங்கிவிட்டது. அவருக்குப் பக்கத்து மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்த பழக்கம். ஜெசிந்தா டீச்சர் என்று பெயரைக் கேட்டாலே, அடுத்து ஏதோ வேலை வருகிறது என்று உடம்பு தயாராகிவிடும்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் அறிவியல் படித்தவர்கள். சிலர் அவரோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள். அவரைப் புகழ்ந்து எழுதினால் அவருக்குப் பிடிக்காது, எனக்கும் அது கைவராது. செடெனாக் பக்கத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் நம் பள்ளியில், அவர் உட்கார்ந்து பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை. சர்க்கரை வியாதி. கால் இரண்டும் மாலையில் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடக்கும். “கொஞ்ச நேரம் உக்காருங்களேன் டீச்சர்” என்றால், “உக்காந்தா அப்புறம் எந்திரிக்க மனசு வராது ஈஸ்வரி, எனக்கு என்னையத் தெரியும்” என்பார். அதைச் சொல்லிவிட்டு நம்மையும் எழுப்பிவிடுவார், அதுதான் கஷ்டம்.

விண்வெளி விஷயம் அப்படித்தான் தொடங்கியது. பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள், சில பள்ளிகளின் பிள்ளைகளோடு அமெச்சூர் வானொலி வழியாகப் பேசுகிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு வந்தார். நிலையம் நம் தலைக்கு மேல் கடந்து போகும் ஏறக்குறைய பத்து நிமிடம்தான் பேச முடியும். அதற்குள் கேட்டுவிட வேண்டும். அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் கதை முடிந்தது. “நம்மளும் எழுதிப் போடுவோம்” என்றார். எழுதியது என்னவோ நான்தான். பதிலே வரவில்லை. நாங்கள் மறந்தே போனோம். ஒரு வருடம் போய், பரீட்சைத் தாள்கள் குவிந்து கிடந்த ஒரு வாரத்தில், சரி என்று பதில் வந்தது. ஆசிரியர் அறையில் ஒருவரும் துள்ளிக் குதிக்கவில்லை. “அலமாக், இப்பவா?” என்று யாரோ முனகினார்கள். அது ஈஸ்வரிதான் என்று டீச்சர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்து ஊரான கூலாயிலிருந்து ரஹ்மான் என்ற வானொலி ஆர்வலர் உதவிக்கு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். கூரையில் ஆண்டெனா ஏற்றுவது, அதைத் திருப்புவது, உரிமம், அனுமதி எல்லாம் அவர் பொறுப்பு. அவர் ஒரே ஒரு யோசனைதான் சொன்னார்: பெரிய பள்ளிகளில் பத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துப் பேச வைப்பார்கள், நீங்களும் அப்படிச் செய்யுங்கள். எங்கள் பள்ளியில் மொத்தமே பதினெட்டுப் பிள்ளைகள். “பதினெட்டு பேர்ல எட்டு பேர எந்த முகத்த வச்சுக்கிட்டு ஓரமா நிக்கச் சொல்றது?” என்று டீச்சர் கேட்டார். ரஹ்மான், “தா சுகுப் மாசா, டீச்சர்” என்று தலையை ஆட்டினார். நேரம் போதாதாம். “நேரம் பத்தும். சுருக்கமா கேப்பாங்க. நம்ம பள்ளி சின்னதா இருக்கறதுக்கு ஒரே ஒரு லாபம் இதுதான், அதையும் விடச் சொல்றீங்களா?” என்றார் டீச்சர். வேறு ஊருக்குப் பிள்ளைகள் போய்க்கொண்டே இருந்த காலம் அது. ஒவ்வொரு வருடமும் ஒரு மேசை காலியாகும். அதைப் பார்த்துப் பார்த்து அவருக்குள் இருந்த கோபம் அந்தப் பேச்சில் வெளியே வந்தது. பதினெட்டுப் பேரும் பேச வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

பிறகு பயிற்சி. வானொலியில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. பேசி முடித்ததும் ‘ஓவர்’ சொன்னால்தான் அந்தப் பக்கம் வாய் திறப்பார்கள். பள்ளி முழுக்க ஓவர் மயமாகிவிட்டது. “டீச்சர், கழிவறைக்குப் போகணும், ஓவர்.” சிற்றுண்டிச் சாலையில் நூடுல்ஸ் விற்கும் அக்கா, “மீ தீந்துபோச்சு, ஓவர்” என்று கத்துவார். தலைமையாசிரியர் கூட்டத்தில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா டீச்சர், “சார், ஓவர் சொல்லுங்க லா, நாங்களும் பேசணும்” என்றார். அந்த ஒரு நாள் கூட்டம் சீக்கிரம் முடிந்தது.

கேள்விகளைப் பிள்ளைகளே யோசிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெயர்ப் பதிவு வரிசைப்படி அகிலன் முதலில், யாழினி கடைசி. யாழினியின் கேள்வியைப் பார்த்த தலைமையாசிரியர் முகம் சுளித்தார். நாள் முழுக்க நின்று வேலை செய்தால் அங்கே கால் வலிக்குமா என்பதுதான் கேள்வி. “இது என்ன டீச்சர்? செவ்வாய் கிரகத்தப் பத்திக் கேக்கட்டுமே.” யாழினியின் அம்மா சரோஜா, விடிவதற்கு முன்பே தொழிற்சாலை பஸ் ஏறிச் சிங்கப்பூர் போய், ஷிப்டு முழுக்க நின்றபடி வேலை பார்த்துவிட்டு, எல்லைப் பாலத்து நெரிசலில் திரும்பி வருகிறவர். அந்தக் காலுக்குத் தைலம் தேய்ப்பது யாழினியின் வேலை. “தெனம் பாக்கறதத்தான் சார் கேக்கறா. அறிவியல் வேற எங்கேர்ந்து வரும்?” என்றார் டீச்சர். தலைமையாசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு முதுகு வலிக்கிறது. நம் ஊர் விழாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? இறைவாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, பிரமுகர் உரை, அப்புறம்தான் நிகழ்ச்சி. பிரமுகர் வராமல் தொடங்கக்கூடாது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஒற்றைக் காலில் நின்றார். “அண்ணே, அது பஸ் இல்ல, கைகாட்டி நிறுத்த. மேல போய்க்கிட்டே இருக்கும்” என்று டீச்சர் பொன்னாடைகளை எல்லாம் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். உரைகள் எல்லாம் பின்னால் என்றார். தலைவர் அவரோடு இரண்டு மாதம் பேசவில்லை. இத்தனையும் செய்து பெரியவர்களின் வாயை அடைத்தாயிற்று. பிள்ளைகளை நாங்கள் யோசிக்கவே இல்லை.

நேரம் வந்ததும் ரஹ்மான் வானொலியில் அழைத்துக்கொண்டே இருந்தார். ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல். மண்டபத்தில் விசிறிச் சத்தம்கூட வேண்டாம் என்று நிறுத்தி, எல்லாரும் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தோம். திடீரென்று அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், மிகத் தெளிவாக, வணக்கம் சொன்னது. டீச்சர் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். அகிலன் ஒலிவாங்கி முன்னால் போய் நின்றான். மாவட்டப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவன், அதனால் பயமில்லை என்றுதான் இருந்தோம். இரண்டு கையையும் கூப்பினான். நெஞ்சை நிமிர்த்தினான்.

“மதிப்பிற்குரிய சிறப்பு விருந்தினர் அவர்களே” என்று ஆங்கிலத்தில் தொடங்கினான். விருந்தினர் இன்னும் வரவே இல்லை. தலைமையாசிரியர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, என் சக தோழர்களே, விண்வெளியிலிருக்கும் அம்மையார் அவர்களே. ஒருவரையும் விடவில்லை. பயிற்சியில் ஒருநாளும் அவன் இப்படிச் சொன்னதில்லை. ஆனால் கூட்டத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்கு ஒலிவாங்கியைக் கண்டால் அதுதானே வரும்? பாலர் பள்ளியிலிருந்து அப்படித்தானே பழக்கியிருக்கிறோம்? அவன் ஓவர் சொல்லும்வரை அந்த அம்மா வாய் திறக்க முடியாது. ரஹ்மான் கடிகாரத்தைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். ஒரு கை காட்டினால் போதும், அவன் நிறுத்தியிருப்பான். ஆனால் அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வந்திருக்காது. டீச்சர் புன்னகை மாறாமல் தலையாட்டிக்கொண்டே இருந்தார், ஏதோ எல்லாம் திட்டப்படி நடக்கிற மாதிரி.

அப்படிப் போன நேரம் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் அதற்குப் பிறகு ஓட்டமாய்க் கேட்டார்கள். அந்த அம்மாவும் பொறுமையாகப் பதில் சொன்னார். பதினேழாவது பதில் பாதியில் கரகரத்துக் கரைந்து போனது. மறுபடியும் இரைச்சல். கூட்டம் படபடவென்று கைதட்டியது. யாழினி ஒலிவாங்கிக்கு இரண்டடி தள்ளி அப்படியே நின்றாள்.

“யாரும் கை தட்டாதீங்க” என்று டீச்சர் சத்தமாகச் சொன்னார். “வரிசை முடியல.” மண்டபம் அடங்கியது. அப்போதுதான் உள்ளே நுழைந்த பிரமுகரும் வாசலிலேயே நின்றுவிட்டார். டீச்சர் தலையசைத்தார். யாழினி முன்னால் போய், அந்த வெறும் இரைச்சலைப் பார்த்து, மனப்பாடம் செய்த கேள்வியை ஒரு சொல் பிசகாமல் கேட்டாள். ஓவர் என்றாள். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். பதில் இல்லை. ரஹ்மான் மெதுவாகப் பொத்தானைத் திருகி அணைத்தார். யாழினி அழவில்லை, போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

பதினெட்டு மாணவர்கள் விண்வெளியோடு பேசினார்கள் என்று செய்தியில் வந்தது. வாழ்த்துச் சொன்னவர்களிடமெல்லாம் டீச்சர், “பதினேழு” என்று திருத்திக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வரும். விடுங்களேன் டீச்சர், நல்லபடியாக நடந்ததே என்பேன். “நடந்தது உனக்கும் எனக்கும். அவளுக்கு நடக்கல” என்பார். ரஹ்மானைக் கேட்டு, அவர் சொன்ன ஆட்களைக் கேட்டு, யாழினிக்கு இன்னொரு வாய்ப்புக்காக விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். அதற்குள் பணி ஓய்வு வந்தது. சிறுநீரகம் பழுதானது. வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டே எனக்கு அழைத்து, “தங்காக்ல ஒரு பள்ளிக்கு வாய்ப்பு கெடச்சிருக்காம் ஈஸ்வரி” என்றார். எனக்குத் தெரிந்துவிட்டது, கார் ஓட்டப்போவது நான்தான் என்று.

அந்தப் பள்ளியில், கேள்வியை எழுதிக் கொடுங்கள், எங்கள் மாணவரே கேட்டுவிடுவார் என்றார்கள். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு முறை பேசி யாழினிக்கு ஓர் இடம் வாங்கினார். யாழினியோ அதற்குள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். “வேணாம் டீச்சர், வெக்கமா இருக்கு. அது சின்னப்புள்ளையில கேட்டது” என்றாள். “ஒங்கம்மாவுக்குக் கால் வலி நின்னுருச்சா?” என்று கேட்டார் டீச்சர். இல்லை என்றாள். “அப்ப வந்து வண்டியில ஏறு.”

சரோஜா லீவு போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்து வந்தார். பின்னால் டீச்சர், வீங்கிய கால்களை யாழினியின் மடியில் நீட்டிக்கொண்டு. குனோங் லேடாங் மலை கண்ணில் படும்வரை மூவரும் மாறி மாறித் தூங்கினார்கள், கார் ஓட்டிய நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன். அங்கே யாழினியின் முறை நடுவில் வந்தது. இந்த முறை ஓர் ஆண் குரல். சிரித்துவிட்டுச் சொன்னது: இங்கே எடையே இல்லை, அதனால் நிற்கிற வலி இல்லை. உள்ளங்கால் குழந்தையின் கால் போல மென்மையாகிவிடும். ஆனால் மிதந்து போகாமலிருக்கக் கம்பியில் பாதத்தைக் கொக்கி போல மாட்டிக்கொண்டு வேலை செய்வதால், பாதத்தின் மேல்பக்கம் காய்த்துப்போய் வலிக்கும். நல்ல கேள்வி, ஓவர்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். சரோஜா கொஞ்சம் யோசித்தார். “அப்ப அங்கயும் வலிதான். எடந்தான் வேற” என்றார். ஜெசிந்தா டீச்சர் கண்ணில் நீர் வர, இருமல் வரச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. வரும் வழியில், “பதினெட்டு” என்று ஒருமுறை சொன்னார். பிறகு வீடு வரும்வரை தூங்கினார்.

அடக்கத்துக்கு நீங்கள் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். மாதா கோயிலுக்குள், சவப்பெட்டியில் பூ வைக்கும் வரிசை வாசலைத் தாண்டிப் போனது. மழை கட்டிக்கொண்டு வந்தது. சவ வண்டிக்காரர் நேரமாகிறது என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். வரிசை தீர்ந்த மாதிரி இருந்தது, பெட்டியை மூட மூடியைத் தூக்கிவிட்டார்கள். யாழினி மட்டும் கடைசியில் நகராமல், வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் பூ வேறு இருந்தது. அம்மாவுக்காக இடம் பிடித்து நிற்கிறாள் என்று புரிந்தது.

“மூடாதீங்க. வரிசை முடியல” என்றேன். கோயிலே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறேன். வண்டிக்காரர் முறைத்தார், நான் அசையவில்லை. நாங்கள் காத்திருந்தோம். தொழிற்சாலைச் சட்டையோடு, நெஞ்சில் அடையாள அட்டை ஆட, சரோஜா நொண்டி நொண்டி ஓடி வந்தார். முகத்தருகே போகவில்லை. பெட்டியின் கீழ்ப்பக்கம் போய், யாழினி நீட்டிய பூவைத் துணி மூடியிருந்த பாதத்தின் மேல் வைத்து, கையை அங்கேயே வைத்துக்கொண்டார். “போதும் டீச்சர்” என்றார். “நின்னது போதும்.”

ஜெசிந்தா டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். வரிசை முடியல. என் வாயிலிருந்து அது வந்ததே எனக்கு ஆச்சரியம். நேற்று மாலை பள்ளி வாசலில் வேன் ஒன்று வெகுநேரம் வரவில்லை. காவலாளி, “நீங்க போங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்” என்று நாற்காலியை எடுத்துப் போட்டார். கடைசிப் பிள்ளை ஏறிப் போகும்வரை நான் உட்காரவில்லை. கால் வலித்தது.