மகளின் கபரில் குளவி

கீழவாசலில் தகரப்பெட்டி செய்து பிழைத்த சிந்தா மதாரின் ஒரே மகளை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் பரவிய வாந்திபேதி கொண்டுபோனது. அதன்பின் அவர் பட்டறையைத் திறக்கவில்லை. விடிந்ததும் மையவாடிக்குப் போய் அவளை அடக்கிய கபரருகே உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் கபரின் இளகிய மண்ணை ஒரு குளவி தோண்டிக்கொண்டிருந்தது. துண்டை வீசி விரட்டினார். மறுநாளும் அதே இடத்தில் பொந்து இருந்தது.

"விடுங்கண்ணே, முட்டை வைக்க வருது," என்றார் குழிவெட்டும் பீர் முகமது.

"எம்புள்ள மேலயா வைக்கணும்?"

குச்சியால் பொந்தைக் கிளறினார். உள்ளே ஒரு வெட்டுக்கிளி, வயிற்றில் ஒட்டிய வெள்ளை முட்டையோடு கிடந்தது. குளவி கொட்டியதில் அதனால் நகர முடியவில்லை. ஆனால் மீசை அசைந்தது.

"உசுரோட பொதைச்சிருக்கே, பீரு! வாந்திபேதின்னு எம்புள்ளைய அவசரமா அடக்குனோமே, மூச்சு நின்னுச்சான்னு நல்லாப் பாத்தோமா?"

"பாத்தோம்ணே."

மதார் நம்பவில்லை. அதன்பிறகு அவரால் மையவாடிக்கும் போக முடியவில்லை, வீட்டில் நிம்மதியாகக் கண்மூடவும் முடியவில்லை.